விளையாட்டும் ஒரு பாடமே



பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருக்கும். பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். ஒரு கட்டத்தில் கணக்கு. ஒரு கட்டத்தில் அறிவியல். ஒரு கட்டத்தில் மொழிப்பாடம். ஓரத்தில், பெரும்பாலும் மாலை நேரத்தில், இன்னொரு கட்டம் இருக்கும். அதில் 'உடற்கல்வி' என்று எழுதியிருக்கும். சில பள்ளிகளில் 'விளையாட்டு' என்றும், சில பள்ளிகளில் 'பி.டி.' என்றும் எழுதியிருக்கும்.

அந்த மணி அடித்ததும் என்ன நடக்கிறது? பிள்ளைகள் எழுந்து ஓடத் தயாராக நிற்கிறார்கள். அதற்குள் கணக்கு ஆசிரியர் உள்ளே வருகிறார். "பாடம் நிறைய பாக்கி இருக்கிறது. எல்லாரும் நோட்டை எடுங்கள்" என்கிறார். பிள்ளைகள் முகம் வாடி உட்காருகிறார்கள். ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்கள். வெளியே திடல் காலியாகக் கிடக்கிறது. அதில் இரண்டு ஆடுகள் மேய்கின்றன.

நாட்டில் எத்தனையோ பள்ளிகளில் இதுதான் வழக்கம். யாரும் இதைப் பெரிய குறையாகச் சொல்வதில்லை. "விளையாட்டுத்தானே, போனால் போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பாடம் ஒரு மாதம் நடக்காவிட்டால் பெற்றோர் சும்மா இருப்பார்களா? தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்பார்கள். உடற்கல்வி ஒரு வருடம் நடக்காவிட்டாலும் கேட்பார் இல்லை.

அரசுப் பள்ளிகளில் உடற்கல்வியைக் கட்டாயம் ஆக்க வேண்டுமா? கட்டாயம் என்றால் அது யாருக்குக் கட்டாயம்? இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதே இன்றைய பேச்சு.

உடற்கல்வி என்றால் என்ன?

பலர் உடற்கல்வியையும் விளையாட்டுப் போட்டியையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஒரு பள்ளியில் 300 பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் நன்றாக ஓடும் 12 பேரைப் பொறுக்கி எடுக்கிறார்கள். பயிற்சி கொடுத்துப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் கோப்பையோடு திரும்பி வருகிறார்கள். நல்லது, பாராட்டுவோம். ஆனால் மீதி 288 பிள்ளைகள்? அவர்கள் கை தட்டுவதற்கு மட்டுமா பிறந்தார்கள்?

உடற்கல்வி என்பது அந்த 300 பேருக்கும் உரியது. ஓடுவது, தாவுவது, எறிவது, பிடிப்பது, வளைவது, மூச்சை அடக்கி விடுவது ஆகியவற்றை வயதுக்கு ஏற்றபடி ஒழுங்காகக் கற்றுத் தருவதே உடற்கல்வி. குழுவாகச் சேர்ந்து ஆடக் கற்றுத் தருவதும் அதில் அடங்கும். தோற்றால் மனம் உடையாமல் இருப்பதும், ஜெயித்தால் தலைகனம் பிடிக்காமல் இருப்பதும் அதில் கிடைக்கும் படிப்புத்தான். தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொண்டு அதைப் பேணுவதும் அந்தப் பாடத்தில் வரும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. பள்ளியில் சித்திரம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். சுவர் கட்டச் சொல்லித் தர வேண்டாமா?

உடம்பு வளரும் காலம்

குழந்தையின் எலும்பு ஓடியும் குதித்தும் ஆடும்போதுதான் உறுதிப்படுகிறது. எலும்பு வலுப்பெறும் முக்கியமான காலம் பிள்ளைப் பருவமும் வளரிளம் பருவமும் ஆகும். அந்தக் காலம் போனால் திரும்ப வராது. இதயமும் நுரையீரலும் அப்படியே. அவற்றுக்கு வேலை கொடுத்தால் வலுவடையும். வேலை கொடுக்காவிட்டால் சோம்பிப் போகும்.

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும்படியான உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் நடப்பு என்ன? அந்த நிறுவனத்தார் 146 நாடுகளின் விவரங்களை ஆராய்ந்து 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, 11 முதல் 17 வயது வரை பள்ளி செல்லும் பிள்ளைகளில் 100-க்கு 81 பேருக்கு அந்த அளவு உடலசைவு இல்லை என்று அதில் கண்டார்கள். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளின் நிலை மோசம்.

சிறுவயதில் பழகாத உடம்பு பெரியவர் ஆனபின் எளிதில் வளையாது. நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. இது பணக்காரர் நோய் என்று முன்பு சொல்வார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. கிராமத்திலும் இருக்கிறது, ஏழை வீட்டிலும் இருக்கிறது. மருந்துக்கு மாதா மாதம் பணம் கொடுப்பவருக்கு அதன் பாரம் தெரியும். உடலை இயக்கும் பழக்கம் இந்த நோயைத் தள்ளிப்போட உதவும் ஒரு வழி. அந்தப் பழக்கத்துக்கு விதை போடும் இடம் பள்ளி.

வீட்டு வேலை போதாதா?

"எங்கள் பிள்ளைகள் வீட்டில் தண்ணீர் எடுக்கிறார்கள். விறகு சுமக்கிறார்கள். மாடு மேய்க்கிறார்கள். இது போதாதா? தனியாக உடற்பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்பது உண்டு.

நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடம் சுமக்கும் சிறுமிக்கு எப்போதும் ஒரே பக்க இடுப்பில்தான் பாரம். உடம்பு முழுவதற்கும் சமமான வேலை அதில் இல்லை. களைத்தால் நிறுத்தலாம் என்பதும் இல்லை. அதில் மகிழ்ச்சியும் இல்லை. வேலை உடம்பைத் தேய்க்கிறது. விளையாட்டு உடம்பை வளர்க்கிறது. வயலில் நாள் முழுதும் குனிந்து நாற்று நட்ட பெண்ணிடம், "உனக்கு நல்ல உடற்பயிற்சி ஆயிற்று" என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்றும் உண்டு. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு விளையாட வேறு இடங்கள் உண்டு. நீச்சல் குளம் உண்டு, கிரிக்கெட் பயிற்சி முகாம் உண்டு. மாதக் கட்டணம் கட்ட அப்பா இருக்கிறார். கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கு? நெருக்கமான குடிசைப் பகுதியில் தெருவே வாசல், வாசலே தெரு. வண்டிகளுக்கு நடுவே பந்து விளையாட முடியாது. அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே திடல் பள்ளித் திடல். ஒரே பயிற்சியாளர் பள்ளி ஆசிரியர்.

பெண் பிள்ளையின் நிலை இன்னும் கடினம். மாலையில் பள்ளி விட்டதும் அண்ணன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவான். தங்கை தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்வாள், அடுப்பைப் பற்றவைப்பாள். பன்னிரண்டு வயது ஆனதும், "இனிமேல் என்ன குதித்து விளையாட்டு?" என்ற பேச்சு வரும். பள்ளியில் அந்த ஒரு மணி நேரம் கிடைக்காவிட்டால் அவளுக்கு விளையாட்டு என்பதே வாழ்நாளில் இல்லை. அந்தக் கட்டத்தை அழித்தால் அவளுக்கு உரிய ஒரு மணி நேரத்தை அழித்ததாகும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் சற்று எண்ணிப் பாருங்கள். கடைசியாக ஓடி விளையாடியது எந்த வயதில்? பலருக்கு நினைவே இருக்காது. 1991-ல் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிள் விடவும் கற்றுக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். கேலி பேசியவர்களும் உண்டு. விழுந்தார்கள், எழுந்தார்கள், பிறகு தாமே ஓட்டிப் போனார்கள். உடம்பில் வரும் தைரியம் மனத்திலும் வரும் என்று அவர்கள் காட்டினார்கள். பெரியவர்களான பிறகு அவர்கள் தேடிப் பெற்ற தைரியத்தை, அவர்கள் பெண்கள் எட்டு வயதிலேயே பெறலாம் அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

உடற்கல்வி பற்றி அரசு எதுவும் சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். நிறையவே சொல்லியிருக்கிறது.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, விளையாட்டும் உடற்கல்வியும் கற்றலின் பிரிக்க முடியாத பகுதி என்றது. 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை, விளையாட்டைப் பாடத்துக்கு வெளியே உள்ள ஒன்றாகத் தள்ளி வைக்கக் கூடாது என்றது.

இவற்றுக்கு நடுவே 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. கொள்கை என்பது விருப்பம். சட்டம் என்பது கடமை. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. வகுப்பறை, குடிநீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, இவற்றோடு விளையாட்டுத் திடலும் இருக்க வேண்டும். வகுப்புக்கு வகுப்பு விளையாட்டுச் சாமான்கள் தர வேண்டும். 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில், உடல்நலத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதி நேரப் பயிற்றுநர் ஒருவர் வேண்டும்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை நாளுக்கு ஒரு பாடவேளை உடற்கல்வி நடத்த வேண்டும் என்று 2018-19-ஆம் கல்வியாண்டில் ஆணையிட்டது. ஆனால் நாட்டின் அரசுப் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை மாநில வாரியங்களின் கீழ் உள்ளன.

இனி நடப்பைப் பார்ப்போம். பிரதம் அமைப்பினர் 2018-ல் நாடெங்கும் கிராமத்து அரசுப் பள்ளிகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். பள்ளிக்குள்ளோ அருகிலோ விளையாட இடம் உள்ள பள்ளிகள் 10-க்கு சுமார் 8. பரவாயில்லை. ஆனால் தனியாக உடற்கல்வி ஆசிரியர் இருந்த தொடக்கப் பள்ளிகள் 100-க்கு 6 கூட இல்லை. நடுநிலைப் பள்ளிகளில் 100-க்கு சுமார் 31. மற்றப் பள்ளிகளில் வேறு பாட ஆசிரியரே மேற்பார்வை பார்க்கிறார், அல்லது பார்ப்பதில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அட்டவணையில் எழுதிய விளையாட்டும் அப்படித்தான் ஆகிவிட்டது.

பகவான்பூர் பள்ளியின் திடல்

ஹரியானா மாநிலத்தில் யமுனாநகர் மாவட்டத்தில் பகவான்பூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பள்ளி. பள்ளியின் விளையாட்டுத் திடலுக்கென்று ஒதுக்கிய பஞ்சாயத்து நிலம் இருந்தது. ஆனால் அந்த நிலத்தில் சிலர் அனுமதி இல்லாமல் வீடு கட்டிக்கொண்டார்கள். வழக்கு நடந்தது. நிலத்துக்குச் சந்தை விலையை வாங்கிக்கொண்டு அவர்களையே இருக்க விடலாம் என்பதுபோல் உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது.

வழக்கு டெல்லிக்குப் போனது. 2023 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விளையாட்டுத் திடல் இல்லாத பள்ளி இருக்கக் கூடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல சூழல் பெற உரிமை உண்டு என்றார்கள். நிலத்தைக் காலி செய்ய 12 மாத காலம் கொடுத்தார்கள்.

இந்தத் தீர்ப்பை யோசித்துப் பாருங்கள். நிலத்துக்கு விலை உண்டு. பணம் கொடுத்தால் ஈடு ஆகிவிடும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். ஆனால் பிள்ளைகள் இழக்கும் விளையாட்டுக்கு எந்தப் பணமும் ஈடாகாது. பத்து வயது ஒரு முறைதான் வரும்.

2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் பேசியது. பள்ளிகளுக்கு எவ்வளவு பெரிய திடல் வேண்டும் என்று அரசு நெறிமுறை வகுக்க வேண்டும் என்றது.

மறுப்புகளும் பதில்களும்

"பரீட்சை நெருங்கும்போது விளையாட்டு எதற்கு?" என்பது ஒரு மறுப்பு. விளையாட்டுக்கு நேரம் கொடுத்ததால் மதிப்பெண் குறைந்துவிடுவதில்லை என்றே பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நாள் முழுதும் உட்கார்ந்த பிள்ளைக்குக் கடைசிப் பாடவேளையில் கண் சொருகும். ஓடி வந்த பிள்ளை தெளிவாக உட்காரும். மாடு உழுதாலும் நடுவில் அவிழ்த்துவிடுகிறோம்.

"பிள்ளைகளுக்குச் சாப்பாடே சரியாக இல்லை. ஓடினால் மயங்கி விழ மாட்டார்களா?" என்பது இன்னொன்று. இது தட்டிக் கழிக்கக் கூடாத கேள்வி. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதனால் விளையாட்டை நிறுத்துவதா? இரத்தசோகையை நிறுத்துவதா? இரண்டு சுற்று ஓடியதும் மூச்சு வாங்கி உட்காரும் சிறுமியை உடற்கல்வி ஆசிரியர்தான் முதலில் காண்பார். நல்ல ஆசிரியர் அவளைத் திட்ட மாட்டார். சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். நாள் முழுதும் பெஞ்சியில் உட்கார வைத்தால் அவள் நோய் யாருக்கும் தெரியாது. பள்ளியில் மதிய உணவு கிடைக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரியும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 700 கலோரியும் அதில் கிடைக்க வேண்டும் என்பது விதி. சாப்பாடும் விளையாட்டும் ஒன்றுக்கு ஒன்று துணை. பகை அல்ல.

"வயசுக்கு வந்த பெண்ணை எப்படித் திடலில் ஓடவிடுவது?" என்று கேட்பவர்களும் உண்டு. ஓடுவதற்கு வசதியான உடை வேண்டும். பள்ளியில் தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். மாதவிடாய் நாளில் முடிந்தவள் விளையாடலாம். வலி இருப்பவள் உட்காரலாம். அதைக் கூச்சம் இல்லாமல் சொல்ல ஓர் ஆசிரியை வேண்டும். இவற்றைச் செய்து கொடுக்காமல் "பெண்களுக்கு விருப்பம் இல்லை" என்று பள்ளி சொல்லக் கூடாது.

"ஊனமுற்ற பிள்ளைக்கு என்ன செய்வது?" என்ற கேள்விக்கு ராஜஸ்தானில் இருந்து ஒரு பதில் உண்டு. சுரு மாவட்டத்தில் தேவேந்திர ஜஜாரியா என்ற சிறுவன் எட்டு வயதில் மரம் ஏறினான். மின்கம்பி பட்டது. இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று. அவன் ஈட்டி எறியப் பழகினான். மாற்றுத் திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில் 2004-லும் 2016-லும் தங்கப் பதக்கம் வாங்கினார். எல்லாரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாருக்கும் ஏற்ற ஒரு விளையாட்டு இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்கு விளையாட்டில் பங்கு தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்பது கடைசி மறுப்பு. கபடிக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள இடம் போதும். ஒரு பிடி சுண்ணாம்பு இருந்தால் கோடு போட்டுவிடலாம். கோ-கோ ஆட்டத்துக்கு இரண்டு கம்பம் போதும். ஜார்க்கண்டில் சிம்டேகா என்ற மாவட்டம். அங்கே ஆதிவாசிப் பிள்ளைகள் மூங்கிலை வளைத்து ஹாக்கி மட்டை செய்து ஆடுவார்கள். ஊர்ப் போட்டிகளில் வென்ற அணிக்கு ஆடு பரிசு. அந்த மண்ணில் இருந்துதான் 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் சில்வானஸ் டுங்டுங் வந்தார். இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை ஏற்ற சலீமா டேடேயும் அங்கே இருந்து வந்தவர்தான்.

ஆனாலும் ஏழைப் பிள்ளைகள் மூங்கிலை வைத்தே சமாளித்துக்கொள்ளட்டும் என்று அரசு கை கழுவ முடியாது. அரசு கை கொடுத்தால் என்ன ஆகும்? 1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பள்ளி தொடங்கியது. 40 சிறுமிகள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி பி.டி. உஷா. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்ட அதே உஷா. அவருக்குப் பிறகு கேரளத்தில் எத்தனையோ வீட்டார் தங்கள் பெண்களைத் திடலுக்கு அனுப்பினார்கள்.

கட்டாயம் யாருக்கு?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். 'கட்டாயம்' என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளுக்குப் பயம் வரும். காரணம் உண்டு. சில பள்ளிகளில் டிரில் வாத்தியார் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். வீட்டுப்பாடம் எழுதாதவனை வெயிலில் நான்கு சுற்று ஓடச் சொல்வார்கள். ஓட்டமே தண்டனை ஆகிவிட்டால் எந்தப் பிள்ளை ஓட்டத்தை விரும்பும்? உடல் வருத்தும் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. பருமனான பிள்ளையைக் கேலி செய்வது, மெலிந்த பிள்ளையைக் கடைசியில் நிறுத்துவது, இவையும் ஒரு வகைத் தண்டனைதான்.

உடற்கல்வியில் பரீட்சை வைத்து, வேகமாக ஓடாதவனைத் தோல்வி என்று அறிவிப்பதும் கட்டாயம் அல்ல. அது கொடுமை.

அப்படியானால் கட்டாயம் யாருக்கு? விடை சட்டத்திலேயே இருக்கிறது. கட்டாயக் கல்வி என்றால் என்ன என்று கல்வி உரிமைச் சட்டம் விளக்கம் தருகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி தருவதும், அது பள்ளியில் சேர்ந்து, தவறாமல் வந்து, படித்து முடிப்பதை உறுதி செய்வதும் அரசின் கடமை என்பதே அந்த விளக்கம். கட்டாயத்தைச் சட்டம் அரசின் தோளில்தான் வைத்திருக்கிறது. உடற்கல்விக்கும் அதே பொருள்தான் பொருந்தும்.

திடல் தருவது கட்டாயம். பந்து தருவது கட்டாயம். பயிற்சி பெற்ற ஆசிரியரைத் தருவது கட்டாயம். அந்த மணி நேரத்தை வேறு பாடத்துக்கு எடுக்காமல் காப்பது கட்டாயம். இவ்வளவும் பெரியவர்களுக்கு உரிய கட்டாயம். இவை எல்லாம் கிடைத்தால் பிள்ளை தானாக ஓடும். அதை யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

ஆசிரியர்களின் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் தொடக்கப் பள்ளிகள் உண்டு. அவர்களையே எல்லாவற்றுக்கும் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. கல்வி உரிமைச் சட்டம் பகுதி நேரப் பயிற்றுநரைப் பெரிய நடுநிலைப் பள்ளிகளுக்குத்தான் சொன்னது. சின்னப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளை விட்டுவிட்டது. அது சட்டத்தில் உள்ள குறை. சொல்லித்தர ஆள் இல்லை என்றும் கூற முடியாது. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-ல் தொடங்கியது. குவாலியரில் லட்சுமிபாய் கல்லூரி 1957-ல் வந்தது. அவற்றைப் போல் இன்று எத்தனையோ கல்லூரிகள் உண்டு. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களும் உண்டு. இரண்டு மூன்று சிறு பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவரை நியமித்தாலும் வழி பிறக்கும். அதுவரை வகுப்பு ஆசிரியருக்கே சில நாள் பயிற்சி கொடுக்கலாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் எல்லா வகுப்பும் சேர்ந்து இருபது நிமிடம் பயிற்சி செய்யலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

"நாங்கள் கேட்டால் யார் காது கொடுப்பார்கள்?" என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் போடுவதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. உடற்கல்விக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை? போன மாதம் அவற்றில் எத்தனை நடந்தன?

2. பள்ளித் திடலின் எல்லை எது? அதில் யாராவது வேலி போட்டிருக்கிறார்களா?

3. விளையாட்டுச் சாமான்களுக்கு அரசு தரும் பணம் வந்ததா? சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2018 முதல் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாயும், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாயும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரையும் வகை செய்தார்கள். வாங்கிய பந்து பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா?

4. பெண் பிள்ளைகளும் ஊனமுற்ற பிள்ளைகளும் விளையாடுகிறார்களா, ஓரமாக நிற்கிறார்களா?

5. பிள்ளைக்கு அடிபட்டால் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா?

கேட்பதோடு நிறுத்த வேண்டாம். திடலில் முள் கிடந்தால் ஊரார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி அகற்றலாம். பள்ளம் இருந்தால் மண் போட்டு நிரப்பலாம். வீட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். மாலையில் அண்ணனும் ஒரு குடம் தண்ணீர் எடுக்கட்டும். தங்கையும் அரை மணி நேரம் ஓடி ஆடட்டும்.

நண்பர்களே! கால அட்டவணை சுவரில் எத்தனையோ வருடமாக இருக்கிறது. படிக்கத் தெரியாத காலத்தில் அது வெறும் கோடும் கட்டமும்தான். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். நாளைக்குப் பள்ளிக்குப் போனால் அந்தச் சுவர் அருகே சற்று நில்லுங்கள். உடற்கல்வி என்று எழுதியிருக்கும் கட்டத்தைக் கண்டுபிடியுங்கள். அது எந்தக் கிழமை, எத்தனையாவது மணி என்று படித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கிழமையில், அந்த மணிக்கு, திடலைப் போய்ப் பாருங்கள்.

அங்கே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தால் ஆசிரியருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.